வெளியே 40... உள்ளே 37!

குரும்பலூர் வெயில்ல ஒரு ரவுண்டு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட். ஏப்ரல் கடைசி. மணி பன்னிரண்டரை. துறையூர் ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் ரொம்ப சந்தோஷப்படாதீங்க பாஸ். கம்பியைத் தொட்டால் சுடும். பஸ் கிளம்பினதும் காத்து வரும்... ஆனா அது காத்து இல்லை. யாரோ ஹேர் டிரையரை முகத்துக்கு நேரா பிடிச்ச மாதிரி ஒரு அனல். கத்திரி தொடங்க இன்னும் சில நாள் இருக்கு. ட்ரெய்லரே இப்படி!

பத்துக் கிலோமீட்டர்கூட ஆகாது, குரும்பலூர் வந்துடும்.

'அங்கே என்ன இருக்கு?'னு கேட்டா டூரிஸ்ட் கைடு கையை விரிச்சுடும். பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. மேற்குப் பக்கம் படுத்துக் கிடக்கும் பச்சைமலை. சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் மண். பெரிய ஆறு, வாய்க்கால்னு சொல்லிக்க எதுவும் இல்லை. மழையையும் கிணத்தையும் நம்பித்தான் வெள்ளாமை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரியாக இருக்கும் ஒரு காலேஜ். அவ்வளவுதான் அறிமுகம்.

ஆனா, பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்கே தினமும் ஒரு அதிசயம் நடக்குது. டிக்கெட் கிடையாது. கேமராவில் சிக்காது. வெளியே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, பஸ்ஸில் நசுங்கிக்கிட்டு வரும் செகண்ட் இயர் ஸ்டூடண்ட், வயலில் குனிஞ்சு நிற்கும் அம்மா, திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் அப்பாயி... இவங்க எல்லார் உடம்புக்குள்ளும் வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஒன்றிரண்டு டிகிரி கூடினாலே படுக்கைதான். 40-ஐத் தாண்டினால் உயிருக்கே உலை.

யார் இதைப் பிடிச்சு நிறுத்துறது? எதை வெச்சு நிறுத்துறாங்க? எப்போ கை நழுவும்? இந்த மூணு கேள்வியைக் கையில் வெச்சுக்கிட்டுத்தான் குரும்பலூரைச் சுற்றினோம்.

ஸ்லோ சைக்கிள் ரேஸ்!

பொங்கல் விளையாட்டு விழாவில் 'ஸ்லோ சைக்கிள் ரேஸ்' பார்த்திருப்பீங்க. கடைசியாக வர்றவருக்குத்தான் ப்ளாஸ்டிக் குடம் பரிசு. கால் தரையில் படக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தா, சைக்கிள் அப்படியே அசையாம நிற்கிற மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பாருங்க... ஹேண்டில்பார் ஒரு நொடி சும்மா இருக்காது. இந்தப் பக்கம் சாய்ஞ்சா அந்தப் பக்கம் ஒரு திருப்பு. அந்தப் பக்கம் ஓவராப் போனா இந்தப் பக்கம் ஒரு வெட்டு. ஆடிக்கிட்டே இருக்கிறதால்தான் விழாம நிற்குது.

நம்ம உடம்பும் இதே கேஸ்தான். பயாலஜி புக்கில் 'ஹோமியோஸ்டேசிஸ்'னு பயமுறுத்தும் வார்த்தைக்கு இதுதான் அர்த்தம். பிரெஞ்சு விஞ்ஞானி க்ளாட் பெர்னார்ட் 19-ம் நூற்றாண்டிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிட்டார். வெளியே இருக்கும் உலகம் வேற, நம்ம செல்கள் மிதக்கும் 'உள் உலகம்' வேற. வெளியே என்ன ஆட்டம் நடந்தாலும் உள்ளே நிலையாக இருந்தால்தான் சுதந்திரமாக வாழ முடியும் என்றார். 1926-ல் அமெரிக்காவின் வால்ட்டர் கேனன் அதற்கு வைத்த பெயர்தான் ஹோமியோஸ்டேசிஸ். 1932-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு, 'உடம்பின் ஞானம்'. நம்ம ஊர் சித்தர் யாரோ வைத்த டைட்டில் மாதிரி இருக்குல்ல?

வெப்பம் மட்டும் இல்லை. ரத்தத்தின் கார-அமில அளவு 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் இருக்கணும். சோடியம், லிட்டருக்கு 135-லிருந்து 145 மில்லிமோல். சாப்பிடாத நேரத்தில் ரத்தச் சர்க்கரை, ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் 70-லிருந்து 100 மில்லிகிராம். ஒவ்வொன்றுக்கும் ஒரு உளவாளி, ஒரு முதலாளி, ஒரு வேலைக்காரன். வெப்ப விஷயத்தில் உளவாளி, தோலிலும் உடம்புக்குள்ளும் இருக்கும் நரம்பு முனைகள். முதலாளி, மூளையின் அடியில் பாதாம் பருப்பு சைஸில் உட்கார்ந்திருக்கும் ஹைபோதலாமஸ். வேலைக்காரர்கள், ரத்தக் குழாய்களும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகளும்.

பட்டறையைப் பார்த்தால் புரியும்

இந்தப் பக்கத்து வயல்களில் ஒரு சமாச்சாரம் கண்ணில் படாமல் போகாது. தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, கல்லுக்கு மேலே ஒரு நீளமான கூண்டு. காத்துப் புகுந்து வெளியேற இடுக்கு விட்ட பக்கச் சுவர். மேலே கீற்று மூடி. இதுதான் வெங்காயப் பட்டறை. விலை வரும் வரைக்கும், இல்லைன்னா அடுத்த பட்டத்துக்கு விதை தேவைப்படும் வரைக்கும், சின்ன வெங்காயம் இதுக்குள்ளேதான் தூங்கும்.

"மூட்டை கட்டி வீட்டுக்குள்ள போட்டா என்ன?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "வேர்த்துப் போயிரும் தம்பி. காயும் மூச்சு வுடும்ல?"

நூற்றுக்கு நூறு சயின்ஸ்! பறித்த பிறகும் வெங்காயத்துக்கு உயிர் இருக்கு. சுவாசிக்கும், சூடாகும், ஈரம் விடும். அந்தச் சூடும் ஈரமும் வெளியேற வழி இல்லைன்னா அழுகல்தான். பட்டறை அதுக்கு வழி விடுது.

நம்ம உடம்பும் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒண்ணு உள்ளே எரியுற மாதிரி. களைக்கொத்தைப் பிடிச்சுக் குனிஞ்சு வேலை செஞ்சா அது 300, 400 வாட். இந்தச் சூட்டை எப்படியாவது வெளியே தள்ளணும்.

சாதாரண நாளில் கவலை இல்லை. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளியே 28 டிகிரின்னா, சூடு தானாக வெளியே போயிடும். ஹைபோதலாமஸ் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரித்து விட்டால் போதும். வெயிலில் நடந்து வந்தவர் முகம் சிவந்து தெரியுறது இதனால்தான்.

ஆனா வெளியே 40 டிகிரின்னா? கதை தலைகீழ். வெளிக்காற்று தோலைவிடச் சூடு. பட்டறையின் இடுக்கு வழியாக அனல் உள்ளே வர்ற மாதிரி, சூடு நம்ம உடம்புக்குள் ஏறும். இங்கேதான் பட்டறைக்கும் உடம்புக்கும் வித்தியாசம். பட்டறையால் எதுவும் செய்ய முடியாது. உடம்பிடம் இன்னும் ஒரே ஒரு ஆயுதம் மிச்சம் இருக்கு... வியர்வை!

மாமிசம் வெந்தது... மனுஷன் வேகலை!

1774-ல் லண்டனில் ஒரு கிறுக்குத்தனமான பரிசோதனை நடந்தது. சார்லஸ் பிளாக்டன் என்ற டாக்டரும் அவருடைய நண்பர்களும் சூடேற்றிய அறைக்குள் நுழைந்தார்கள். கடைசியில் அந்த அறையின் வெப்பம் 120 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. தண்ணி கொதிக்கிறதே 100 டிகிரியில்தான்! உள்ளே ஒரு தட்டில் முட்டையும் மாட்டிறைச்சித் துண்டும் வைத்திருந்தார்கள். முட்டை வெந்தது. இறைச்சி வறண்டே போனது. அதே அறையில் சில நிமிஷம் நின்ற பிளாக்டன், முழுசாக வெளியே வந்தார். ஒரு நாயையும் உள்ளே விட்டார்கள். அதன் பாதம் சுடாமல் இருக்க, கூடையில் வைத்து! அதுவும் பிழைத்துக்கொண்டது.

உயிருள்ள உடம்பு ஆவியாக்கியே தன்னைக் குளிர்விச்சுக்குது என்பதற்கு அது பெரிய சாட்சி. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கிட்டுப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்க... 400 வாட் வேலை செய்கிற ஒருத்தர், அந்தச் சூட்டை மட்டும் கழிக்கவே மணிக்கு 600 மில்லி வியர்வையை ஆவியாக்கணும். மேலே அடிக்கும் வெயில், சுடும் காற்று எல்லாம் சேர்த்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும்.

குரும்பலூர் வீடுகளில் திண்ணை ஓரமா இருக்கும் மண்பானைக்கும் இதே ஃபார்முலாதான். பானை கசியுது, கசிவு ஆவியாகுது, உள்ளே தண்ணி ஜில்லுனு ஆகுது. வறண்ட காத்து அடிக்கும் ஊரில் பானை நல்லா குளிரும். கடலோரத்தில் அவ்வளவு குளிராது. சென்னையில் வியர்வை சொட்டுச் சொட்டாக வழியுதே, அது வேஸ்ட். தரையில் விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆவியாகணும். 2022-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 31 டிகிரியை நெருங்கினாலே உடம்பின் கட்டுப்பாடு கைநழுவ ஆரம்பிக்கிறது என்று தெரிய வந்தது. அதுவும் வேலை ரொம்ப லேசாகச் செய்யும்போதே!

'அப்போ பெரம்பலூர் சேஃப்தானே?' அங்கேதான் ட்விஸ்ட். வறண்ட வெயிலில் வியர்வை வந்ததும் பறந்துடும். சட்டை நனையாது. 'எனக்கு வேர்க்கவே இல்லையே'னு நினைப்போம். உடம்புக்குள்ளே டேங்க் காலியாகிக்கிட்டே இருக்கும்.

சேலைக்கு மேலே சட்டை

கிணத்துத் தண்ணி பாயும் ஒரு வயலில் களை எடுப்பு. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக. எல்லாரும் சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை. வீட்டுக்காரருடையதோ மகனுடையதோ! தலையில் துண்டு.

"ஏம்மா, இந்த வெயில்ல மேல சட்டை வேறயா?"

"சட்டை இல்லேன்னாதான் தம்பி எரியும். பழைய நூல் சட்டைதான். வேர்வையில நனைஞ்சா ஜில்லுனு இருக்கும்ல."

இது ஃபேஷன் இல்லை, இன்ஜினீயரிங். நேரடி வெயிலைத் தடுக்கும் நிழலும் அதுதான், வியர்வையைப் பிடிச்சு வெச்சு மெதுவாக ஆவியாக்கும் ஈரத்துணியும் அதுதான். பாலைவனத்து மக்கள் உடம்பு முழுக்க லூஸாகத் துணி போட்டுக்கொள்வதும் இதே கணக்குதான்.

இன்னொரு பெண் சொன்னார், "எங்களுக்கு இதெல்லாம் பழகிப் போச்சு. உங்களை மாதிரி ஃபேன்ல இருக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்."

பாதி உண்மை. வெயிலில் தொடர்ந்து வேலை செய்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாக வரும், அதில் உப்பு குறையும். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனை அனுப்பி, 'உப்பை வெளியே விடாதே'னு ஆர்டர் போடும். நாலு வாரம் ஏ.சி. ரூமில் இருந்தால் இந்தப் பழக்கம் கரைந்தும் போகும். செமஸ்டர் லீவில் ஊருக்குப் போய் முதல் நாளே வயலில் இறங்கும் ஹாஸ்டல் ஹீரோக்கள் இதைக் கவனிக்க!

மறுபாதி? பழகின உடம்பு அதிகம் வியர்க்கும். அதனால் அதுக்குத் தண்ணி அதிகமாத்தான் வேணும், குறைவா இல்லை. 'பழகிப் போச்சு' என்பது தண்ணியைக் குறைச்சுக்கும் லைசென்ஸ் கிடையாது.

கூழ் வண்டியும் குட்டிக் கடலும்

ரோட்டோரத்துத் தள்ளுவண்டியில் கம்மங்கூழ். மோர் கரைச்சு, உப்புப் போட்டு, கடிச்சுக்க சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். அண்ணன் ஒரு சொம்பு ஊத்தினார்னா வயிறு மட்டும் இல்லை, ரத்தமும் குளிரும். ஏன்னு சொல்றதுக்கு ஒரு கடல் கதை வேணும்.

பெரம்பலூர் மாவட்டத்திலேயே, இதே பஸ் ஸ்டாண்டிலிருந்து வேற திசையில் போனால், சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம், கல்லாகிப் படுத்திருக்கு. வயது சுமார் 12 கோடி வருஷம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகத்துக்குச் சொன்னார். அப்போ இந்தப் பக்கமெல்லாம் கடல். ஆத்து வெள்ளத்தில் வந்து கடலடியில் புதைந்த மரம்தான் கல்மரம். இன்னிக்குக் கடல் கண்ணுக்கே தெரியாத தூரத்தில்!

ஆனா இங்கே இருக்கும் ஒவ்வொருத்தர் உள்ளேயும் ஒரு குட்டிக் கடல் இருக்கு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவு அது. வியர்வையில் தண்ணி மட்டும் போகலை, இந்த உப்பும் போகுது. நிறைய வியர்த்தவர் வெறும் தண்ணியை மட்டும் மடக்மடக்குனு லிட்டர் கணக்கில் குடிச்சா, குட்டிக் கடல் நீர்த்துப் போகும். தலைவலி, குமட்டல், ரொம்ப மோசமானால் வலிப்புகூட வரும்.

அதனால உப்பு வேணும். உப்பு உள்ளே போக ஒரு துணையும் வேணும். குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜோடியாக வந்தால் அந்தக் கதவு திறக்கும், பின்னாடியே தண்ணியும் உள்ளே ஓடும். 1960-ல் ராபர்ட் க்ரேன் இதைச் சொன்னார். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்களில் கரைத்துக் கொடுத்தார். நூற்றில் முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு மூன்றரை சதவிகிதம் அளவுக்கு இறங்கியது. இன்னிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை இது. 2022-ல் மறைந்த அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

உப்புப் போட்ட கஞ்சி, கூழில் இருக்கும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடையும். உப்பு கூட இருக்கு, தண்ணி கூட இருக்கு. அப்பாயி ஃபார்முலா எழுதலை... ஆனா கரைச்சு வெச்சது கிட்டத்தட்ட அதைத்தான்! இளநீர்? அதில் பொட்டாசியம் ஜாஸ்தி, சோடியம் கம்மி. தாகத்துக்கு சூப்பர், உப்புக்கு அது மட்டும் போதாது. கலர் சோடா, கோலா? சர்க்கரை ஓவர். இந்த வேலைக்கு அவங்க சரிப்பட்டு வர மாட்டாங்க. (பி.பி., இதயம், சிறுநீரகப் பிரச்னை இருக்கிறவங்க மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டர் பேச்சைத்தான் கேட்கணும்.)

பாட்டில் இருக்கு... குடிக்கத்தான் பயம்!

இதுவரைக்கும் கதை ஜாலியாகத்தான் போச்சு. பஸ்ஸில் கேட்ட ஒரு பேச்சு, கொஞ்சம் யோசிக்க வெச்சது. இரண்டு தோழிகள். எந்த காலேஜ்னு வேண்டாம். இது ஒரு காலேஜ் கதை இல்லை.

"காலையில ஏழு மணிக்குக் கிளம்புறப்போ ஒரு டம்ளர் குடிப்பேன். அப்புறம் சாயந்திரம் வீட்டுக்குப் போய்த்தான்."

"பாட்டில் வெச்சிருக்கியேடி?"

"அது சும்மா வாய் நனைக்க. குடிச்சா எங்க போறது?"

வயலில் சட்டை போட்ட அம்மாக்களிடமும் இதே பதில். "கண்ணுக்கு எட்டுற தூரம் வெட்டவெளி. ஆம்பளைங்க ஓரமாப் போயிருவாங்க. நாங்க தண்ணியைக் குறைச்சுக்குவோம்."

அம்மாவும் மகளும் வேற வேற இடத்தில். காரணம் ஒண்ணுதான்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு நாளைக்கு சிறுநீரகம் வடிகட்டுறது சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியைத் திருப்பி ரத்தத்துக்கே அனுப்பிடும். தண்ணி குறைஞ்சா ஹைபோதலாமஸ் 'வாசோபிரசின்' என்ற ஹார்மோன் மூலமாக, 'இன்னும் பிழி'னு உத்தரவு போடும். சிறுநீர் அரை லிட்டர் வரைக்கும் சுருங்கும், மஞ்சள் கூடும். ஒரு நாள், இரண்டு நாள்னா சிறுநீரகம் தாங்கும். ஆனா வருஷக்கணக்கா, அதுவும் வெயிலில் உழைச்சுக்கிட்டே?

சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று தொழில்களில் இருக்கும் 312 பெண் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வெப்பமும் கழிப்பறை இல்லாமையும் ஒன்று சேரும்போது பெண்களின் சிறுநீர்ப் பாதைக்கு என்ன ஆகிறது என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வியே. அதே நிறுவனம் 2017-ல் தொடங்கி, தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் மாதிரி வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு போன்ற பாதிப்புகளின் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு என்று 2024-ல் முடிவு வந்தது.

கடல் தாண்டியும் இதே கதை. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக் கூலிகளாக இருந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சர்க்கரை நோய் இல்லை, பி.பி. இல்லை. வெப்பமும் நீரிழப்பும் முக்கிய சந்தேகப் பட்டியலில் வந்தன. பிறகு அங்கே சில தோட்டங்களில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மருந்து இல்லை, மெஷின் இல்லை. தண்ணீர், நிழல், ஓய்வு... மூணே வார்த்தை. சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

அதாவது, உடம்பு எவ்வளவு பெரிய ஞானியாக இருந்தாலும், அதுக்கும் மூலப்பொருள் வேணும். நிழல், தண்ணி, உப்பு... கூடவே ஒரு கதவு வெச்ச கழிப்பறை. ஹோமியோஸ்டேசிஸ் பாடத்தில் கழிப்பறை வராது. ஆனா பாதிப் பேருக்கு அதுதான் முதல் பாடம்!

சைக்கிள் சாயும்போது...

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடலாம். காய்ச்சலும் வெப்பத்தாக்கமும் ஒண்ணு இல்லை. காய்ச்சலில் ஹைபோதலாமஸே, 'இனிமே டார்கெட் 39'னு மாத்தி வைக்குது. கிருமியை எதிர்க்க அது போடும் பிளான். அதனால்தான் உடம்பு சுடும்போதே குளிருது, போர்வை கேட்கிறோம். பாராசிட்டமால் அந்த டார்கெட்டை இறக்கும்.

வெப்பத்தாக்கத்தில் டார்கெட் 37-லேயேதான் இருக்கு. சூட்டை வெளியே தள்ள முடியாமல் சிஸ்டம் தோற்றுப்போச்சு. அங்கே பாராசிட்டமால் வேலை செய்யாது. வெளியிலிருந்து குளிர்விச்சே ஆகணும்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல விஷயம்தான். ஆனா நிவாரணம் வர்றது சைக்கிள் விழுந்த பிறகு. விழாமல் இருக்க வேண்டியதும் எப்போதோ எழுதப்பட்டதுதான். 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேணும்னு இருந்தது. எழுதினதுக்கும் வயலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

யாராவது வெயிலில் விழுந்தால்...

* பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியலை, தடுமாறுறாங்க, உடம்பு அனலாக் கொதிக்குதுன்னா அது வெப்பத்தாக்கம். உடனே 108.
* வண்டி வரும் வரைக்கும் சும்மா நிற்காதீங்க. நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி.
* நினைவில்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க. மூச்சுக் குழாய்க்குப் போயிடும்.
* வெறும் மயக்கம், தசைப்பிடிப்பு, நினைவு தெளிவா இருக்குன்னா: நிழல், ஓய்வு, ஓ.ஆர்.எஸ். வீட்டிலேயே கலக்க: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

குரும்பலூர் போறீங்களா?

பெரம்பலூரிலிருந்து துறையூர் ரோட்டில் டவுன் பஸ். ஏப்ரல், மே மாசம்னா காலை பத்து மணிக்குள்ள சுத்தி முடிங்க, இல்லை நாலு மணிக்கு மேலே கிளம்புங்க. வெங்காயப் பட்டறை இருக்கும் வயல்ல கேட்டுட்டு உள்ளே போய்ப் பாருங்க, சந்தோஷமாக் காட்டுவாங்க. மழைக்குப் பிறகு போனா, பக்கத்தில் லாடபுரம் வழியாக மயிலூற்று அருவி. ஒரு நாள் கையில் இருந்தால் சாத்தனூர் கல்மரம். கையில் தண்ணி பாட்டில் கட்டாயம்... அது காலியாகித் திரும்பி வரணும்!

ஒரே ஒரு கேள்வி

ஒவ்வொரு நொடியும் ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பி, நம்மை விழாமல் வெச்சிருக்கு உடம்பு. அதுக்காக நம்மகிட்டே அது கேட்கிறது ரொம்பக் கம்மி. கேட்கும்போது கொடுக்க முடியாத இடத்தில் நம்ம வீட்டுப் பெண்களை நிறுத்தி வெச்சிருக்கோம் என்பதுதான் சங்கடம். காலேஜில் ஸ்டூடண்ட்ஸ் கோரிக்கைன்னு லிஸ்ட் போடும்போது, வை-ஃபைக்கு முன்னாடி, தண்ணி வரும், தாழ்ப்பாள் இருக்கும் கழிப்பறையை எழுதுங்க. அது சயின்ஸ் டிமாண்ட்!

அப்புறம்... சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் 'சாப்பிட்டியா?'னு அம்மா கேட்பாங்க இல்லையா? அதுக்குப் பதில் சொல்லிட்டு, நீங்களும் ஒண்ணு கேளுங்க.

"இன்னிக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிச்சேம்மா?"